மலையிலிருந்து மரம் வெட்டப் போனவர்கள்: குற்றத்தின் வேர் எங்கே?



2015-ஆம் ஆண்டு உயிர்ப்புப் பெருவிழா ஏப்ரல் 5-ஆம் நாள் வந்தது. அதற்கு இரண்டாம் நாள், ஏப்ரல் 7 செவ்வாய்க்கிழமை, ஆந்திர மாநிலம் திருப்பதிக்கு அருகே சேஷாசலம் காட்டில் 20 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். சுட்டது செம்மரக் கடத்தலைத் தடுப்பதற்கென்று அமைக்கப்பட்ட சிறப்புப் படை. இறந்தவர்கள் அனைவரும் தமிழ்நாட்டுக்காரர்கள். அவர்களில் பெரும்பாலோர் திருவண்ணாமலை, தர்மபுரி மாவட்டங்களைச் சேர்ந்தவர்கள். நம் ஜவ்வாது மலையிலும் அதன் அடிவாரத்திலும் சித்தேரி மலையிலும் பிறந்து வளர்ந்தவர்கள். நம் ஆலயங்களில் பாஸ்கா திரி எரிந்துகொண்டிருந்த வாரம் அது.

மரம் வெட்டியவர்கள் கற்களாலும் கோடரிகளாலும் தாக்கினார்கள், தற்காப்புக்காகச் சுட்டோம் என்று படையினர் கூறினார்கள். முந்தின நாளே பேருந்திலிருந்து இறக்கிக் கொண்டு போய்விட்டார்கள் என்று, கூடப் போய் உயிர் தப்பியவர்கள் தேசிய மனித உரிமை ஆணையத்தின் முன் சாட்சி சொன்னார்கள். ஆணையம் அவ்வாண்டு மே மாதத்தில், ஒவ்வொரு குடும்பத்துக்கும் 5 லட்சம் ரூபாய் இடைக்கால நிவாரணம் வழங்கவும் மத்திய புலனாய்வுத் துறை விசாரிக்கவும் பரிந்துரைத்தது.

அந்த நாட்களில் திருப்பத்தூர் பேருந்து நிலையத்திலும் தேநீர்க் கடைகளிலும், ஏன், ஞாயிறு திருப்பலி முடிந்து ஆலய வளாகத்தில் நின்று பேசும்போதும்கூட, இரண்டு குரல்களைக் கேட்டோம். "பாவம், வயித்துக்கில்லாமப் போனவங்க" என்பது ஒன்று. "திருடப் போனா இப்படித்தான் ஆகும்" என்பது மற்றொன்று. நம்மில் பலர் காலையில் ஒன்றையும் மாலையில் மற்றொன்றையும் சொன்னோம். இரண்டுமே ஒரு பழைய கேள்விக்கு அவசரமாகச் சொல்லப்பட்ட பதில்கள். மனிதர் ஏன் குற்றம் செய்கிறார்கள்? சமூகவியல் அறிஞர்கள் ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டாக இதைத் துருவி வருகிறார்கள். அவர்கள் கண்டதை நம் மலையின் கதையோடு சேர்த்துப் பார்ப்பது நமக்குப் பயன்படும் என்று எண்ணுகிறோம்.

மலையைப் பற்றிச் சில வார்த்தைகள். ஜவ்வாது மலை கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி. 2019-ஆம் ஆண்டு நவம்பரில் திருப்பத்தூர் தனி மாவட்டமான பிறகு, புதூர்நாடு, நெல்லிவாசல்நாடு, புங்கம்பட்டுநாடு ஆகியவை இந்த மாவட்டத்தில் இருக்கின்றன. ஜமுனாமரத்தூர் பகுதி திருவண்ணாமலை மாவட்டத்தில் இருக்கிறது. மலையில் வாழ்வோரில் மிகப் பெரும்பாலோர் மலையாளி என்ற பழங்குடியினர். இப்பெயருக்கும் கேரளத்துக்கும் சம்பந்தமில்லை. மலையை ஆள்பவர் என்பதுதான் பொருள். தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்துப் பக்கமிருந்து மலையேறி வந்தவர்கள் என்று அவர்களுடைய வழிவழிக் கதை சொல்கிறது. சாமை விதைப்பார்கள், தேன் எடுப்பார்கள், புளியும் கடுக்காயும் பலாவும் கீழே கொண்டுவந்து விற்பார்கள். மழையை நம்பிய நிலத்தில் ஆண்டு முழுவதும் வேலை இருப்பதில்லை. ஆகவே குடகுக் காப்பித் தோட்டங்களுக்கும் கேரளத்துக்கும் திருப்பூருக்கும் போகிறார்கள். அப்படிப் போகும் வழிகளில் ஒன்றாகத்தான் ஆந்திரக் காடும் சேர்ந்தது.

பிறவிக் குற்றவாளி என்ற பொய்

முதலில் தள்ள வேண்டியதைத் தள்ளிவிடுவோம். இத்தாலிய மருத்துவர் லொம்ப்ரோசோ 1876-இல் ஒரு நூல் வெளியிட்டார். குற்றவாளி பிறக்கும்போதே குற்றவாளி, அவனுடைய தாடையையும் காதையும் மண்டை ஓட்டையும் அளந்தே கண்டுபிடித்துவிடலாம் என்றார். அறிவியல் அந்தக் கருத்தை எப்போதோ கைவிட்டுவிட்டது. ஆனால் அவர் எழுதுவதற்கு ஐந்து ஆண்டுகள் முன்பே, 1871-இல், ஆங்கில அரசு நம் நாட்டில் குற்றப் பரம்பரைச் சட்டத்தைக் கொண்டுவந்துவிட்டது. முழுச் சாதிகளைப் பெயர் சொல்லிக் குற்றவாளிகள் என்று அறிவித்த சட்டம் அது. சென்னை மாகாணத்துக்கு அது 1911-இல் விரிவாக்கப்பட்டது. ஆண்கள் ரேகை பதிய வேண்டும், இரவில் காவல் நிலையத்தில் போய்ப் படுக்க வேண்டும் என்ற நிலை வந்தது. 1920 ஏப்ரல் 3-ஆம் நாள் மதுரைப் பக்கம் பெருங்காமநல்லூரில் இதை எதிர்த்து நின்றவர்கள் சுடப்பட்டு மாண்டார்கள். நாடு விடுதலை பெற்ற பின், 1952-இல்தான் இந்தியா முழுவதும் அச்சட்டம் நீங்கியது.

சட்டம் போயிற்று; பேச்சு போகவில்லை. "அந்த ஊர்க்காரனா? பார்த்து நடந்துக்கோ" என்று நாம் சொல்லும் ஒவ்வொரு தடவையும் 1871-இன் சட்டத்தைத்தான் மறுபடி வாசிக்கிறோம். இப்போது "மலைக்காரன்" என்ற சொல்லிலும் அந்த வாடை அடிக்கத் தொடங்கியிருக்கிறது.

ஆசை காட்டிவிட்டு வாசலை அடைத்தால்

எமில் துர்கைம் என்ற பிரெஞ்சு அறிஞர் ஒரு யூத ரபியின் மகன். குற்றம் இல்லாத சமூகமே கிடையாது என்று 1895-இல் அவர் எழுதியபோது பலர் திடுக்கிட்டார்கள். புனிதர்கள் மட்டுமே வாழும் மடம் ஒன்றைக் கற்பனை செய்து பாருங்கள் என்றார். அங்கே கொலையும் களவும் இருக்காது. ஆனால் வெளியே யாரும் பொருட்படுத்தாத சிறு குறைகள் அங்கே பெருங்குற்றங்களாகிவிடும். மடங்களிலும் குருமடங்களிலும் வாழ்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை! அவருடைய மற்றொரு கருத்து, நெறியற்ற நிலை பற்றியது. சமூகம் வேகமாக மாறும்போது பழைய கட்டுப்பாடுகள் தளர்ந்துவிடும். புதியவை இன்னும் வேர் பிடித்திருக்காது. எவ்வளவு ஆசைப்படலாம், எதோடு நிறுத்த வேண்டும் என்பது அப்போது யாருக்கும் தெரியாமல் போகும்.

இந்த விதையை எடுத்து அமெரிக்க மண்ணில் நட்டவர் ராபர்ட் மெர்ட்டன். பிலடெல்பியா நகரின் ஏழைப் பகுதியில், குடியேறிய குடும்பத்தில் பிறந்தவர். 1938-இல் வெளிவந்த அவருடைய கட்டுரை சொன்னது இதுதான்: சமூகம் எல்லோருக்கும் ஒரே இலக்கைக் காட்டுகிறது. பணம் சேர், வீடு கட்டு, மற்றவர் மதிக்கும்படி வாழ். ஆனால் அங்கே போவதற்கான நேர்வழியை எல்லோருக்கும் ஒரே அளவில் திறந்துவைப்பதில்லை. இந்த இடைவெளி மனிதரை நெருக்குகிறது. அப்போது பலர் பல்லைக் கடித்துக்கொண்டு பழைய வழியிலேயே உழைக்கிறார்கள். சிலர் இலக்கை மறந்துவிட்டுச் சடங்குபோல வேலை செய்கிறார்கள். சிலர் குடியிலோ வேறெதிலோ ஒதுங்குகிறார்கள். சிலர் இலக்கையும் வழியையும் மாற்றிவிடுவோம் என்று புரட்சி பேசுகிறார்கள். இன்னும் சிலர் இலக்கை வைத்துக்கொண்டு குறுக்கு வழியைத் தேடுகிறார்கள். இந்தக் கடைசி வகையினரையே மெர்ட்டன் "புதுவழி காண்பவர்" என்றார்.

ஜவ்வாது மலையில் முப்பது ஆண்டுகளுக்கு முன் ஒரு மலையாளிக் குடும்பம் தன்னை யாரோடு ஒப்பிட்டது? பக்கத்துக் குடும்பத்தோடு. இப்போது வீட்டில் தொலைக்காட்சி இருக்கிறது, பையனின் கையில் செல்போன் இருக்கிறது. திருப்பத்தூரில் ஓடும் மோட்டார் சைக்கிள் மலையிலும் ஓடுகிறது. தங்கை திருமணத்துக்கு நகை கேட்கிறார்கள். மகளை நர்சிங் படிக்க வைக்க வேண்டும். சாமை விளையும் நிலத்தின் வருமானம் மட்டும் பழையபடியே இருக்கிறது. அந்த வேளையில் ஒருவர் முன்பணத்தோடு வந்து வாசலில் நிற்கிறார். சில நாள் வேலை, பல மாதக் கூலி என்கிறார். மெர்ட்டன் படிக்காத நாமும் இதைப் புரிந்துகொள்ளலாம்.

ஆனால் இதோடு நின்றுவிட்டால் "பாவம், வயித்துக்கில்லாமப் போனவங்க" என்ற முதல் குரலோடு நின்றுவிடுவோம். அது முழு உண்மை அல்ல. அதே மலையில் அதே வறுமையில் வாழும் மிகப் பெரும்பாலோர் போகவில்லை. ஒரே வீட்டில் அண்ணன் செம்மரத்துக்கும் தம்பி குடகுக்கும் போன கதைகள் உண்டு. வறுமைதான் காரணம் என்று சொல்வது, போகாமல் உழைத்த அந்தத் தம்பிக்குச் செய்யும் அநியாயமும் ஆகும். ஏழைகள் எல்லாரும் திருடக்கூடியவர்கள் என்று இரக்கத்தின் பெயரால் நாம் சொல்லிவிடுகிறோம்.

யாரோடு பழகினான்?

எட்வின் சதர்லாண்டு இங்கே கைகொடுக்கிறார். 1939-இல் அவர் வெளியிட்ட பாடநூலில், குற்றம் என்பது கற்றுக்கொள்ளப்படுவது என்று எழுதினார். நெசவையும் தச்சையும் எப்படி நெருங்கியவர்களிடமிருந்து கற்கிறோமோ அப்படித்தான். செய்யும் முறையை மட்டுமல்ல, அது சரி என்ற எண்ணத்தையும் சேர்த்தே கற்கிறோம். சட்டத்தை மீறலாம் என்று சொல்லும் குரல்கள் மீறாதே என்று சொல்லும் குரல்களைவிட ஒருவரின் காதில் அதிகமாக விழுந்தால், அவர் மீறுகிறார்.

செம்மரத்துக்கு ஆள் சேர்ப்பது முன்பின் தெரியாத கடத்தல்காரர் அல்ல. அந்த ஊரிலேயே மாமனோ பங்காளியோ, முன்பு இரண்டு தடவை போய்த் திரும்பியவரோதான். "நான் போயிட்டு வந்தேன், ஒண்ணும் ஆகல" என்ற ஒரு வார்த்தைக்கு, பள்ளிக்கூட ஆசிரியரின் பத்து வகுப்புகளும் நம் பத்து மறையுரைகளும் ஈடாவதில்லை. ஓர் ஊரிலிருந்து இருபது பேர் போவதும் அடுத்த ஊரிலிருந்து ஒருவரும் போகாததும் இதனால்தான். இரண்டு ஊருக்கும் மண் ஒன்று, மழை ஒன்று. வந்து கூப்பிட்டவர்தான் வேறு.

கிளவார்டு, ஓலின் என்ற இருவர் 1960-இல் இன்னொன்றைச் சேர்த்தார்கள். நேர்வழிக்கு மட்டுமல்ல, குறுக்கு வழிக்கும் வாய்ப்பு வேண்டும் என்றார்கள். நாம் யாராவது நாளை காலை கடத்தல்காரராக முடிவு செய்தாலும் முடியாது. யாரைப் பார்ப்பது என்றே தெரியாது. மலைக்காரருக்கு அந்த வாய்ப்பு எப்படி வந்தது? மலையேறவும் சுமை தூக்கவும் கோடரி பிடிக்கவும் சிறு வயதிலிருந்தே பழகியவர்கள் அவர்கள். செம்மரத்தின் வைரம் தண்ணீரில் மிதக்காத அளவுக்குக் கனமானது. அதை வெட்டிச் செதுக்கி, இருட்டில் மலைச்சரிவில் தோளில் சுமந்து இறக்குவதற்குப் பழகிய உடம்பு வேண்டும். நேர்மையான வேலைக்கு மதிப்பில்லாமல் போன திறமைக்குக் கள்ளச் சந்தை விலை வைத்தது.

இதற்கு முன்கதையும் உண்டு. ஜவ்வாது மலை சந்தனத்துக்குப் பேர்போனது. திருப்பத்தூரில் அரசின் சந்தனக் கிடங்கு இருப்பதும் அங்கே கட்டைகள் ஏலம் போவதும் நமக்குத் தெரிந்தவை. 2002-இல் சட்டம் திருத்தப்படும் வரை, ஒருவரின் சொந்தப் பட்டா நிலத்தில் முளைத்த சந்தன மரம்கூட அரசுக்கே சொந்தம். தன் கொல்லையில் நிற்கும் மரத்தைத் தொட்டால் தானே திருடன் என்பது எப்படிப்பட்ட நிலை என்று எண்ணிப் பாருங்கள். சந்தனம் குறைந்தது; அதற்கென்று உருவான தரகர்களும் வழித்தடங்களும் பழக்கங்களும் குறையவில்லை. சிகாகோ நகரில் ஷா, மெக்கே என்ற ஆய்வாளர்கள் கண்டதும் இதையே ஒத்தது. நகரின் சில பகுதிகளில் குடியிருந்தோர் மாறிக்கொண்டே இருந்தார்கள். ஓர் இனத்தார் போய் வேறோர் இனத்தார் வந்தார்கள். இளைஞர் குற்றங்களின் விகிதம் மட்டும் அதே பகுதிகளில் அப்படியே நின்றது. அப்படியானால் கோளாறு இரத்தத்தில் இல்லை, இடத்தின் வாழ்க்கை அமைப்பில் இருக்கிறது என்பது அவர்கள் கண்ட முடிவு.

மனச்சான்று என்ன செய்துகொண்டிருந்தது?

ஒப்புரவு அருட்சாதனத்தில் முழந்தாளிடும் நமக்கு இந்தக் கேள்வி எழாமல் இராது. சைக்ஸ், மட்சா என்ற இருவர் 1957-இல் இதற்கு நல்ல விளக்கம் தந்தார்கள். குற்றம் செய்பவருக்கு மனச்சான்று இல்லாமல் போவதில்லை; அதைச் சற்று நேரம் தூங்கவைக்கும் தாலாட்டுகளை அவர் அறிந்துவைத்திருக்கிறார் என்றார்கள். நான் என்ன செய்வேன், சூழ்நிலை. யாருக்கு என்ன நட்டம்? அவனுக்கு வேண்டியதுதான். தீர்ப்பிட வந்தவன் மட்டும் யோக்கியனா? என் குடும்பத்துக்காகத்தானே செய்தேன்?

மலையில் நாங்கள் கேட்ட பேச்சுகளில் இந்த ஐந்தும் உண்டு. "காட்டு மரம் சாமி, யாரு நட்டாங்க?" என்று ஒரு பெரியவர் கேட்டார். அவருடைய பாட்டனாருக்குக் காடு என்பது வீட்டின் நீட்சி. பேரனுக்கு அது அரசின் சொத்து. நடுவில் ஒரு சட்டம் வந்தது, யாரும் அவரைக் கேட்டுக்கொண்டு வரவில்லை. 2006-இல் வந்த வன உரிமைச் சட்டம் அந்தப் பழைய அநீதியை ஒப்புக்கொண்டு சரிசெய்ய முயன்றது. ஆகவே அவருடைய கேள்வியை வெறும் சாக்கு என்று ஒதுக்க மனம் வரவில்லை. ஆனாலும் சேஷாசலம் அவருடைய பாட்டனாரின் காடு அல்ல என்பதையும் சொல்லத்தான் வேண்டும். செம்மரம் உலகில் இயற்கையாக வளர்வது கிழக்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில், ஆந்திரத்தின் சில மாவட்டங்களையொட்டித்தான். அது வளர்வதற்குப் பல பத்தாண்டுகள் ஆகும். அழியும் ஆபத்திலுள்ள இனங்களின் உலகப் பட்டியலில் அது இருக்கிறது. யாருக்கும் நட்டமில்லை என்பது பொய். 2013 டிசம்பரில் அதே காட்டில் வனத்துறை அலுவலர்கள் இருவர் கொல்லப்பட்டார்கள். அவர்களுக்கும் குடும்பம் இருந்தது. நம் பக்கத்துச் சோகத்தைச் சொல்லும்போது இதை விட்டுவிடக்கூடாது.

அந்தக் கொலைகளுக்காகத் தமிழ்நாட்டுத் தொழிலாளர்கள் நூற்றுக்கணக்கில் கைது செய்யப்பட்டு நீண்ட காலம் சிறையில் கிடந்தார்கள். 2016-இல் நீதிமன்றம் அவர்களை விடுதலை செய்தது. அப்படியானால் அந்த இருவரைக் கொன்றவர் யார் என்பதற்கும் விடையில்லை. சிறையில் போன காலத்துக்கும் கணக்கில்லை.

போகாதவர்களைக் கேளுங்கள்

டிராவிஸ் ஹிர்ஷி 1969-இல் கேள்வியையே திருப்பிப் போட்டார். மனிதர் ஏன் குற்றம் செய்கிறார் என்று கேட்காதீர்கள். வாய்ப்பும் ஆசையும் இருந்தும் பெரும்பாலோர் ஏன் செய்வதில்லை என்று கேளுங்கள் என்றார். அவருடைய பதில்: கட்டிப்போடும் உறவுகள். அன்பு வைத்திருப்பவர்கள், இழந்துவிடக் கூடாது என்று நினைக்கும் படிப்போ வேலையோ, நாளை நிரப்பும் நல்ல அலுவல்கள், இது தவறு என்ற நம்பிக்கை. இந்தக் கயிறுகள் அறுந்தவன்தான் எளிதில் அடித்துச் செல்லப்படுகிறான்.

மேலே சொன்ன தம்பி ஏன் போகவில்லை? எங்களுக்குத் தெரிந்த ஓர் இளைஞரை இதையே கேட்டோம். அறநெறி பேசுவார் என்று எதிர்பார்த்தோம். அவர் சொன்னது: "எங்க அம்மா அரிசி மூட்டையத் தூக்கி வெளியில வெச்சிட்டு, அந்தக் காசுல வந்த சோறு இந்த வீட்ல வேகாதுன்னு சொல்லிட்டாங்க. அப்புறம் பத்தாவது பரீட்சை இருந்துச்சு." ஒரு தாயும் ஒரு தேர்வும்! ஹிர்ஷியின் நூல் முழுவதும் இந்த இரண்டு வாக்கியத்தில் அடங்கிவிட்டது என்று நமக்குத் தோன்றியது. மலையில் பள்ளிப் படிப்பைப் பாதியில் விடும் பிள்ளைகளைப் பற்றி நாம் கவலைப்படும்போது மதிப்பெண்ணை மட்டும் எண்ணுகிறோம். அறுந்துபோகும் கயிறையும் எண்ண வேண்டும்.

முத்திரை குத்துகிறவர்கள்

ஹோவர்டு பெக்கர் 1963-இல் எழுதிய நூலில், பார்வையைக் குற்றவாளியிடமிருந்து விலக்கி, அவருக்கு அப்பெயரைச் சூட்டுகிறவர்கள் மேல் திருப்பினார். ஒரு செயல் தானாகவே குற்றமாவதில்லை. அதிகாரம் உள்ளவர்கள் விதி செய்து, சிலர்மேல் மட்டும் அதைப் பிரயோகித்து, அவர்களை வெளியாட்கள் ஆக்குகிறார்கள். முத்திரை விழுந்தபின் அந்த மனிதர் வேறு எதுவாகவும் இருக்க முடியாமல் போகிறது.

இதற்கு உதாரணம் தேடி அமெரிக்கா போக வேண்டாம். தர்மபுரி மாவட்டத்தில் சித்தேரி மலையடிவாரத்தில் வாச்சாத்தி இருக்கிறது. அதுவும் மலையாளிப் பழங்குடியினரின் ஊர். 1992 ஜூன் 20-ஆம் நாள், பதுக்கிய சந்தன மரத்தைத் தேடுகிறோம் என்று வனத்துறையினரும் காவல்துறையினரும் வருவாய்த்துறையினரும் ஊருக்குள் புகுந்தார்கள். வீடுகள் சூறையாடப்பட்டன. 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். பெண்களும் குழந்தைகளுமாக நூற்றுக்கு மேற்பட்டோர் சிறையில் அடைக்கப்பட்டார்கள். "சந்தனம் கடத்துகிற ஊர்" என்ற முத்திரை இருந்ததால், பல காலம் அவர்கள் சொன்னதை நம்ப ஆளில்லை. 19 ஆண்டுகள் கழித்து, 2011 செப்டம்பர் 29-ஆம் நாள் தர்மபுரி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. குற்றம் சாட்டப்பட்ட 269 அரசு ஊழியர்களில் 54 பேர் அதற்குள் இறந்துபோயிருந்தார்கள். எஞ்சிய 215 பேரும் குற்றவாளிகள். 2023-இல், அதே செப்டம்பர் 29-இல், சென்னை உயர் நீதிமன்றம் அத்தீர்ப்பை உறுதி செய்தது.

குற்றத்தைத் தேடிப் போனவர்களே குற்றவாளிகளான கதை இது. சட்டத்தைக் காப்பவரும் சதர்லாண்டு சொன்னபடி ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக் கற்றுக்கொள்கிறார்கள். சைக்ஸ் சொன்ன தாலாட்டுகளை அவர்களும் பாடிக்கொள்கிறார்கள். 215 பேரில் ஒருவராவது அன்று நின்று, இது தகாது என்று உரக்கச் சொல்லியிருந்தால் என்ற எண்ணம் நம்மை விடுவதில்லை.

மேலே இருப்பவர்கள்

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். சதர்லாண்டு தம் கடைசிக் காலத்தில், 1949-இல், வெள்ளைச் சட்டைக் குற்றங்களைப் பற்றி எழுதினார். அமெரிக்காவின் 70 பெரிய நிறுவனங்களை ஆராய்ந்து, சட்டத்தை மீறாத ஒன்றுகூட அவற்றில் இல்லை என்று காட்டினார். வழக்குக்கு அஞ்சிய பதிப்பகம் நிறுவனங்களின் பெயர்களை நீக்கச் சொன்னது. பெயர்களோடு கூடிய நூல் 1983-இல்தான் வெளிவந்தது, ஆசிரியர் இறந்து 33 ஆண்டுகளுக்குப் பின். வறுமையால்தான் குற்றம் என்றால் இந்தச் செல்வர்கள் ஏன் செய்தார்கள் என்பது அவருடைய கேள்வி.

செம்மரத்தை வெட்டுபவர் அதை வாங்குவதில்லை. சீனத்தில் உயர்ந்த மரச்சாமான்கள் செய்ய அது வேண்டும். ஜப்பானில் இசைக்கருவி செய்ய வேண்டும். காட்டுக்கும் கப்பலுக்கும் நடுவே தரகர், லாரி உரிமையாளர், கிடங்குக்காரர், பொய்யான ஆவணம் தயாரிப்பவர், கண்ணை மூடிக்கொள்ளும் அலுவலர், ஏற்றுமதியாளர் என்று ஒரு நீண்ட சங்கிலி. ஒவ்வொரு கண்ணியிலும் விலை ஏறுகிறது, ஆபத்து குறைகிறது. கோடரி பிடிக்கும் கையிலேதான் காசு மிகக் குறைவு, குண்டு மிக அருகில். 2018 பிப்ரவரியில் கடப்பை மாவட்டம் ஒண்டிமிட்டா ஏரியில் ஐந்து உடல்கள் மிதந்தன. அவர்களும் சேலம் மாவட்டத்து மலைக்காரர்களே. எந்த ஏற்றுமதியாளரின் உடலும் எந்த ஏரியிலும் மிதந்ததாக நாம் படிக்கவில்லை.

திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1987-இல் வெளியிட்ட சமூகச் சுற்றுமடலில் பாவக் கட்டமைப்புகள் என்று இதைப் போன்றவற்றையே குறிப்பிட்டார். ஆனால் அதற்கு மூன்று ஆண்டுகள் முன்பு, ஒப்புரவைப் பற்றிய மடலில், எச்சரிக்கையும் செய்திருந்தார்: கட்டமைப்பின்மேல் பழி போட்டுத் தனி மனிதர் தப்பிவிட முடியாது, அந்தக் கட்டமைப்பே பலருடைய தனிப் பாவங்கள் சேர்ந்து திரண்டதுதான். சமூகவியல் நூல்களைப் படிக்கும்போது இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது என்று எண்ணுகிறோம். இக்கோட்பாடுகள் எதுவும் தனியே நின்று முழுக் கதையைச் சொல்வதில்லை. மெர்ட்டன் நெருக்கத்தைக் காட்டுகிறார், சதர்லாண்டு அழைத்தவரைக் காட்டுகிறார், பெக்கர் நம் கையிலுள்ள முத்திரையைக் காட்டுகிறார். போவதா வேண்டாமா என்று அந்த இரவில் திண்ணையில் உட்கார்ந்து யோசித்த மனிதரை எவருமே முழுவதும் காட்டவில்லை.

திரும்பி வந்தவர்

ஆந்திரச் சிறையிலிருந்து திரும்பிய ஒருவரைச் சில ஆண்டுகளுக்கு முன் சந்தித்தோம். நாற்பது வயதிருக்கும். பிணையில் வந்திருந்தார். வாய்தாவுக்கு வாய்தா திருப்பதி போய்வர வேண்டும். ஒரு தடவை போய்வரப் பேருந்துக் கட்டணம், சாப்பாடு, இரண்டு நாள் கூலி இழப்பு. போகாவிட்டால் பிடியாணை. மொழி புரியாத நீதிமன்றத்தில் பெயர் கூப்பிடுவதுகூடக் காதில் சரியாக விழாது என்றார். வழக்கறிஞருக்குப் பணம் கொடுத்தது யார் என்று கேட்டோம். சற்று நேரம் பேசவில்லை. பிறகு, அனுப்பி வைத்தவரே கொடுத்தார் என்றார். அந்தக் கடனைத் தீர்க்க இன்னொரு தடவை வரச்சொல்லி ஆள் வந்ததாம்.

முத்திரையும் நெருக்கமும் பழக்கமும் ஒரே மனிதரின் தோளில் ஏறியிருப்பதை அன்று பார்த்தோம். அவர் எங்களிடம் கேட்டது இரண்டே. கீழே செங்கல் சூளையிலோ தோட்டத்திலோ வேலைக்கு யாராவது சிபாரிசு செய்வார்களா? கூலி கொடுக்கும் இடத்தில் ஜெயிலுக்குப் போனதைச் சொல்ல வேண்டுமா, மறைக்க வேண்டுமா?

முதலாவதுக்கு, பங்கிலுள்ள மூன்று பேரிடம் கேட்டுப் பார்த்தோம். மூவரும் நல்லவர்கள், சிறைப்பணி ஞாயிறன்று காணிக்கை போடுகிறவர்கள். இருவர் யோசித்துச் சொல்வதாகச் சொன்னார்கள். மூன்றாமவர், சற்றே முகம் சுளித்தபின், திங்கட்கிழமை வரச் சொன்னார். இரண்டாவது கேள்விக்கு என்ன பதில் சொல்வது என்று எங்களுக்குத் தெரியவில்லை, சொல்லிவிடுங்கள் என்றோம். சொன்னார். வேலை இருந்தது. தோட்டத்தில் தென்னைக்குப் பாத்தி கட்டும் வேலை. கோடரி தேவைப்படாத வேலை. வாய்தா நாளில் மட்டும் விடுப்பு, அந்த நாளுக்கும் பாதிக் கூலி என்று தோட்டக்காரர் தாமாகவே சேர்த்துக்கொண்டார்.